சுண்ணாம்பு கேட்பவள்

'லோகா' படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றும் திருவனந்தபுரத்தில். 2025 ஓணத்தை ஒட்டி வந்த அந்தப் படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் யாரென்று தெரிந்த நிமிடம் அரங்கமே எழுந்து கத்தியது. தொண்டை கட்டும்வரை நானும் கத்தினேன். கத்தாமல் எப்படி இருப்பது? வந்திருப்பவள் கள்ளியங்காட்டு நீலி. எங்கள் நாகர்கோவில்காரி. ஆச்சி சோறு ஊட்டும்போதே எனக்குப் பழக்கமானவள்.

1979-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆஸ்பிரின் ஒரு கற்பனை நகரத்தை அமைத்து, எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு சிறுகதை அதற்குள் எழுதச் சொன்னார். 'தீவ்ஸ் வேர்ல்ட்' என்று தொகுப்பாக வந்தது. ஒருவர் படைத்த ஆளை இன்னொருவர் தன் கதையில் நடமாடவிடலாம். அதைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் நீலிக்கு இது எத்தனை நூற்றாண்டாக நடக்கிறது! அழைப்பும் இல்லை, தொகுப்பாசிரியரும் இல்லை.

சட்டதிட்டம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பனை அல்லது பாலை மரம். ஆளில்லாத பாதை. தரையைத் தொடும் கூந்தல். "வெத்தலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?" என்ற கேள்வி. மறுநாள் காலை மரத்தடியில் நகமும் முடியும் மட்டும் கிடக்கும். அவளை அடக்க இரும்பு வேண்டும். இதற்குள் நின்று யார் வேண்டுமானாலும் கதை சேர்க்கலாம்.

சேர்த்தவர்களைப் பாருங்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூரில் அவள் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அவள் பேச்சை நம்பி வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள் தீப்பாய்ந்தார்கள். 'நீலிக்கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கண்ணீர். 'நீலகேசி'யை எழுதிய சமணர் செய்ததுதான் எனக்கு உச்சம்: அதே பழையனூர் நீலியை ஒரு முனிவரிடம் மனம் மாறவைத்து, ஊர் ஊராகப் போய் வாதம் செய்து பிற சமயத்தாரை மடக்கும் தர்க்கவாதியாக்கிவிட்டார். பேயைத் தத்துவம் பேசவைக்க என்ன துணிச்சல் வேண்டும்!

தெற்கே முப்பந்தலில் அவளே இசக்கியம்மன். அந்தச் சாலையில் போகும் வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகரும். சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா'வில் பஞ்சவன்காட்டு நீலியாக வருகிறாள். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் எட்டுப் பாகங்களாகக் கொண்டுவந்த 'ஐதீகமாலை'யில் அவளைப் போலவே ஒரு யட்சி இருக்கிறாள். மந்திரவாதியான கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் ஆணி அடித்துக் காயங்குளத்துக்குக் கூட்டிப்போகிறார். அங்கே ஒரு கிழவி பாசத்தோடு தலை கோதும்போது ஆணி கையில் தட்டுகிறது, பிடுங்கிவிடுகிறாள். அந்தக் கிழவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மந்திரவாதியின் கதைக்குள் ஒரு பாட்டியின் விரல்கள்!

திருவனந்தபுரமும் தன் பங்கைச் சேர்த்திருக்கிறது. 2011-இல் பத்மநாபசாமி கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டபோது 'பி' அறை மட்டும் திறக்கப்படவில்லை. அதற்குள் காஞ்சிரோட்டு யட்சி இருக்கிறாள் என்று கிழக்கேகோட்டையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவளும் எங்கள் குமரிப் பக்கத்துக் காஞ்சிரகோட்டிலிருந்து வந்தவள்தான். பத்மதீர்த்தக் கரையில் சாயங்காலம் நிற்கும்போது அந்தச் சுவருக்கு அப்பால் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இப்போது 'லோகா'வை எழுதிய டொமினிக் அருணும் சாந்தி பாலச்சந்திரனும் நீலியைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளைப் போலவே நாட்டார் கதைகளிலிருந்து வரும் சாத்தனுக்கும் ஒடியனுக்கும் கதவைத் திறந்தும் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் முறை தங்கை மகளையும் கூட்டிப்போயிருந்தேன். ஒன்பது வயது. தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறி, களியக்காவிளை தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.

"மாமா, பனையெல்லாம் வெட்டியாச்சுல்லா. நீலி இப்ப எங்க இருப்பா?"

"நீயே சொல்லு."

வெளியே ஓடிய இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செல்போன் டவர்ல. ராத்திரி ஒத்தையா நடந்து போறவங்ககிட்ட வந்து, சார்ஜர் இருக்கான்னு கேப்பா."