நினைவை அளக்கும் கோலில் பிழை

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது என்ன? சுழிப்பிழை உண்டா என்பதைத்தான். நினைவாற்றலை அளக்கும் கோலுக்கும் இது பொருந்துமல்லவா?

முதுமை மறதியைக் கண்டறியும் புறநோயாளிப் பிரிவுகளில் பெருவழக்காக உள்ள வினாத்தாள், 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் அமைத்தது. மொத்தம் 30 மதிப்பெண். 24க்குக் குறைந்தால் பொதுவாக ஐயம் எழும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு 5 மதிப்பெண். படிப்பதற்கு, வாக்கியம் எழுதுவதற்கு, ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கு ஒவ்வொன்று. பள்ளிக்கூடம் போகாத பாட்டி, நினைவில் பழுதின்றியே இந்த எட்டையும் இழக்கலாம். மீதி 22! நன்கு படித்தவரோ, மறதி தொடங்கிய பின்னும் 24ஐத் தாண்டிவிடலாம். அப்படியானால் நாம் அளப்பது நினைவையா, படிப்பையா?

திருத்தம் இல்லாமலில்லை. அரியானாவின் பல்லப்கரில் உருவாகி 1995இல் வெளியான இந்தி வடிவம், கழித்தலுக்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னது. தரமணி வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை பங்கேற்ற 10/66 ஆய்வில், முதியவரை மட்டுமன்றி, அவரை நன்கறிந்த உறவினரையும் வினவினார்கள்.

மருத்துவமனைகள் இதைக் கைக்கொள்ளத் தடை என்ன? உடன் வரும் மகள் வராந்தாவில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறாள். அந்நேரத்தில் செவிலியர் அவளிடம் கேட்டெழுதினால் மருத்துவரின் நேரம் மிஞ்சும், முடிவும் உறுதிப்படும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். வீட்டு முதியவர் எதுவரை படித்தார், சென்ற ஆண்டு செய்த எந்த வேலை இப்போது இயலவில்லை என்று குறித்துச் செல்லுங்கள். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. அவற்றைச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.