வீட்டுப் போக்கர் பெட்டி: சிப் நன்று, சீட்டு போதாது

இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்கும் 300 சிப் போக்கர் பெட்டிகளுக்குள் இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: அலுமினியச் சட்டமிட்ட பெட்டி, ஐந்து நிறச் சிப்கள், இரண்டு காகிதச் சீட்டுக்கட்டு, டீலர் பொத்தான், டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகைக்குத் தேவையே படாத ஐந்து பகடைகள். அத்தகைய பெட்டி ஒன்றைத் தருமபுரி மாவட்டத்து வீடொன்றில், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் கோடை விடுமுறையில், வாரக்கணக்கில் பயன்படுத்தியதன் மதிப்பீடு இது.

இந்தப் பெட்டிக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மி, போக்கர் இரண்டுக்கும் பொருந்தாது, அவை திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றதும், போக்கர் செயலிகள் பணமேசைகளை மூடின. குடும்பங்களைக் கடனில் தள்ளிய பழக்கத்துக்கு அந்த மூடல் அவசியமானது. பணத்தை எடுத்துவிட்டாலும் ஆட்டத்தின் கணக்கும் கணிப்பும் அப்படியே இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவருவதே இந்தப் பெட்டியின் வேலை.

பணமில்லாத ஆட்டத்தில் சிப்தான் உயிர். ஒவ்வொன்றும் 11.5 கிராம், 300 சிப் மட்டுமே ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. உள்ளே உலோகத் தகடு இருப்பதால் கையில் கனமாக நிற்கிறது, அடுக்கினால் சரிவதில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. புள்ளிக் கணக்குக்கு அதுவே போதும் என்று தோன்றலாம். ஆனால் எதிராளியிடம் எவ்வளவு மிச்சம் என்பதை ஒரே பார்வையில் அளக்க முடியாமல் போக்கர் ஆட முடியாது. கொட்டைக் குவியலில் அந்த அளவு தெரியாது. சிப்பில் எண் அச்சிடாததும் நல்லதே. வெள்ளைக்கு 5, சிவப்புக்கு 25, பச்சைக்கு 100 என்று வைத்து, ஆளுக்கு 10 வெள்ளை, 6 சிவப்பு, 8 பச்சை கொடுத்தால் 1,000 புள்ளி. 5–10 பிளைண்டுக்கு (சீட்டுப் பார்க்குமுன் கட்டும் கட்டாயப் பந்தயம்) அது தாராளம். தீர்ந்தவருக்கு அன்று மறுபடி சிப் இல்லை என்ற விதி இருந்தால் போதும், பணம் இல்லாமலே ஒவ்வொருவரும் யோசித்துத்தான் பந்தயம் கட்டுவார். கோரைப்பாயில் அடுக்கு ஆடும். ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் அசையாது.

பெட்டியைக் கெடுப்பது சீட்டு. மேலே பிளாஸ்டிக் பூச்சு பூசிய காகிதச் சீட்டு ரம்மிக்குப் பல மாதம் தாங்கும். அதே சீட்டு போக்கரில் சில மாலைகளில் வீணாகிறது. காரணம் ஆடும் முறையிலேயே இருக்கிறது. ரம்மியில் சீட்டைக் கையில் விரித்துப் பிடிக்கிறார்கள். ஹோல்டெமில் இரண்டு கைச்சீட்டும் தரையில் கவிழ்ந்தே கிடக்கும். மூலையை மட்டும் விரலால் தூக்கிப் பார்ப்பார்கள். தரையில் உட்கார்ந்து குனிந்து பார்க்கும்போது மூலை இன்னும் அதிகமாக வளைகிறது. இரு பாதியாகப் பிரித்துப் பின்னிக் கலைக்கும் முறையில் 52 சீட்டு நன்றாகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் 1992 இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மணிக்கு இருபது ஆட்டம் என்றாலும் 140 முறை சீட்டு வளைகிறது. தருமபுரிக் கோடையில் வியர்த்த விரல்கள் மிச்சத்தையும் முடித்துவிடுகின்றன.

மடிந்த மூலை அழகுக்குறை மட்டுமல்ல. இரண்டு கட்டு ரம்மியில் எதிராளி கையில் ஒரு சீட்டு அடையாளம் தெரிந்தால் பதிமூன்றில் ஒன்று தெரிந்தது, அவ்வளவே. ஹோல்டெமில் அது இரண்டில் ஒன்று. தன் இரு சீட்டைப் பார்த்த ஒருவருக்கு, எதிராளியிடம் இருக்கக்கூடிய ஜோடிகள் 1,225. எதிராளியின் சீட்டில் ஒன்று இஸ்பேட் ஆஸ் என்று மடிப்பே சொல்லிவிட்டால், மிஞ்சுவது 49. தெரியாததை ஊகிப்பதுதான் போக்கர். அந்த மடிப்போடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. யாரும் ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டதைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. உறவுக்காரர்கள் சுற்றி உட்காரும் இடத்தில் இந்தச் சந்தேகம் மனக்கசப்பாகவும் மாறும். இவ்வளவு நல்ல சிப்பைச் செய்பவர்கள் இந்தச் சீட்டை உடன் வைப்பது பொறுப்பின்மை.

மாற்று எளிது. முழுதும் பிளாஸ்டிக்கால் ஆன சீட்டு வளைத்தாலும் நிமிர்ந்துவிடும். அழுக்கானால் ஈரத்துணியால் துடைக்கலாம். பிரேசிலின் கோபாக் பிவிசியிலும், அமெரிக்காவின் கெம் செல்லுலோஸ் அசிடேட்டிலும் செய்யும் கட்டுகள் இதில் உயர்ந்தவை. விலை காகிதக் கட்டைப்போல் பல மடங்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண பிவிசி கட்டே வீட்டுக்குப் போதும். பின்புற நிறம் வேறான இரண்டு கட்டு வாங்கினால், ஒன்றில் ஆடும்போது மற்றொன்றைக் கலைத்து வைக்கலாம். அடிச்சீட்டு தெரியாமலிருக்கக் கட்டின் கீழே ஒரு ஜோக்கரை வைப்பது நல்ல பழக்கம்.

மொத்தத்தில் சிப்புக்காக இந்தப் பெட்டியை நம்பி வாங்கலாம். பிளாஸ்டிக் கட்டின் விலையையும் சேர்த்தே பெட்டியின் விலையாகக் கொள்ள வேண்டும். உடன் வரும் காகிதக் கட்டுகளை ரம்மிக்கு ஒதுக்கிவிடலாம்.