வின்செஸ்டருக்குப் புதுக் குழல் போட்டாச்சு!

என் பழைய வின்செஸ்டர் 94 வேட்டைத் துவக்கு பட்டறைக்கு 30-30 தோட்டாவுக்கானதாகப் போனது, 38-55 தோட்டாவுக்கானதாகத் திரும்பி வந்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. யாராவது கையில் அகப்பட்டால் அரை மணித்தியாலமாவது இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. இப்போது நீங்கள் அகப்பட்டிருக்கிறீர்கள்.

இலங்கை மலையக அக்கரப்பத்தனைக்காரன் கனடாவில் துவக்கும் கையுமாகத் திரிகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். அங்கே துவக்கு என்றால் பங்களாத் துரையின் சங்கதி. இல்லாவிட்டால் பன்றிக்கு ஒளித்துக் கட்டுகிற கட்டுத்துவக்கு. டயகமவுக்கு மேலே காடு ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி. 1850ஐ ஒட்டிய வருஷங்களில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் துரை நாய்களை விட்டு மரை துரத்தியது அந்தப் பக்கமெல்லாம்தான். இன்று அது தேசிய பூங்கா. மரையைத் தொட்டால் மறியல். இங்கே ஒன்டாரியோவில் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசன் எடுத்து, செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நவம்பரில் முறையாக மானுக்குப் போகலாம்.

துவக்குக்கு வருவோம். விசைக்குக் கீழே இருக்கிற லீவர் வளையத்தைக் கையால் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெறுங்கோது வெளியே பாயும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஜோன் பிரவுணிங் என்ற மகாமூளைக்காரன் வடிவமைத்தது, 1894இல் சந்தைக்கு வந்தது. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்படும்போது 70 லட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். என்னுடையது 1964க்கு முந்தியது. அந்த வருஷம் செலவைக் குறைக்கக் கம்பனி செய்முறையை மாற்றியது. அதனால் முந்தியதற்குத்தான் இன்றும் மவுசு. லீவரை இழுத்துப் பாருங்கள், வெண்ணெய்! ஆனால் குழலுக்குள் டோர்ச் அடித்தால் வயிறு எரியும். முறுக்குவரிகள் மழுங்கி, வழி நெடுகத் துருக்குழி.

வேறொன்று வாங்கு என்றார்கள். என் அப்பா தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தவர். பெல்பாஸ்டில் செய்த சிரோக்கோ டிரையருக்கு உள்ளே எதை எதையோ மாற்றி மாற்றி ஓட்டுவார். வெளிச்சட்டத்தை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நல்ல சட்டத்தைத் தூக்கிப் போடுவானா?

அதே 30-30 குழலையே மாட்டியிருக்கலாம். நான் ஏன் 38-55க்குப் போனேன்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. 30-30 பிறந்ததே 38-55இன் வயிற்றில். பிரவுணிங்கின் துவக்கு முதலில் வந்தது 32-40, 38-55 என்ற இரண்டு கரிமருந்துத் தோட்டாக்களுக்குத்தான். புகையில்லா மருந்தைத் தாங்கும் நிக்கல் உருக்குக் குழல் 1895இல் வந்த பிறகே, 38-55 கோதின் கழுத்தை ஒடுக்கி 30-30ஐ உண்டாக்கினார்கள். அடிவிளிம்பு இரண்டுக்கும் ஒன்றே. அதனால் கோதைப் பிடித்திழுக்கும் கொக்கி, தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தட்டு, பூட்டு எதையும் மாற்றத் தேவையில்லை. அழுத்தமும் 30-30ஐ விடக் குறைவு, ஆகவே பழைய உடம்புக்குச் சுமை கூடாது. தாய் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையின் துவக்கு பாஸ் வாய் திறந்து பேசாத மனிசன். பழைய குழலை வைஸில் இறுக்கி, உடம்பைப் பெரிய சாவியால் ஒரே திருப்பு, கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. புதுக் குழலின் திருகுப்புரிகளை லேத்தில் கடைந்து, கொக்கிக்கு வெட்டு வைத்து, அளவுகோல் தோட்டாவைப் போட்டு லீவரை மூடினார். சரியான கோலுக்கு மூடவேண்டும், பெரிய கோலுக்கு மூடக்கூடாது. மூடியது, மூடவில்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது. பிறகு மிருதுவான ஈயக் குண்டு ஒன்றைப் பித்தளைக் கம்பியால் குழல் நெடுகத் தட்டி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தார்: 0.379 அங்குலம். 38-55 குழல்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும். ஈயக் குண்டு அதைவிட ஒரு நூலிழை பெருத்திருந்தால்தான் குறி நிற்கும். கடைசியாகப் பழைய அடையாளம் எங்கேயும் இல்லாதபடி புதுக் குழலில் 38-55 என்று ஆழமாகக் குத்தினார். இது அலங்காரம் இல்லை. நாளைக்கு வேறொருவன் கையில் போனால் தவறான தோட்டா ஏறிவிடக்கூடாது. குழல் வாங்கவே இப்போது லைசன் காட்டவேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுட்டுப் பார்த்தேன். அடடா! 30-30 சுரீரென்று தோளில் அறையும்; இது மெல்லத் தள்ளுகிறது. 170 கிரெயின் குண்டு செக்கனுக்கு 670 மீற்றர் பறந்த இடத்தில், இப்போது 255 கிரெயின் குண்டு 400 மீற்றரில் நிதானமாகப் போகிறது. நூறு யாருக்குள் மானுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நவம்பரில் மேப்பிள் காட்டு விளிம்பில் நின்ற கிடாய் நாலு எட்டுக்கூட வைக்கவில்லை. அதன் இறைச்சியை ஊர் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினோம். கேட்டால் தனிக்கட்டுரை எழுதுவேன்.

லீவர் துவக்கு தமிழ்நாட்டுக் காடுகளுக்கும் புதிதில்லை. ஜவளகிரிப் பக்கம் ஆட்கொல்லிப் புலி தேடிப்போன கென்னத் அண்டர்சன் தூக்கியது 405 வின்செஸ்டர், 1895 மொடல். அதுவும் பிரவுணிங்கின் மூளைதான்.

38-55க்குக் குறை இல்லையா? இருக்கிறது. 38-55 தோட்டா கடைகளில் இலேசில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கடிக்கும். கோதைச் சேர்த்துவைத்து நாமே மருந்து நிரப்பவேண்டும். 150 யாருக்கு அப்பால் குண்டு வில்லாக வளைந்து இறங்கும். தூரத்து வேட்டைக்காரர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

மச்சான் மட்டும் வந்துவிட்டார். அவருடையது மார்லின் 336. அந்தக் கம்பனியே 38-55இலும் 336 செய்து விற்றிருக்கிறது, ஆகவே பொருந்துமா என்ற கேள்விக்கே இடமில்லை. துவக்கைக் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுத்திருக்கிறோம். பாஸுக்கு மார்ச் மாதத்துக்கு முன்னம் நேரமில்லையாம்.