கற்பூரம் தொட்ட ஏழு இடங்கள்

மாமாவைக் குளிப்பாட்டிய அன்று கற்பூரத்தை நுணுக்கிக் கொடுக்கும் வேலைதான் எனக்கு. சிங்கப்பூரின் ரோவெல் சாலை அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், குழவி எதுவும் அகப்படாமல், கரண்டியின் முதுகால் வில்லைகளை நசுக்கினேன். கண் எரிந்தது. அழுகிறேன் என்று நினைத்து மாமி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அழவும்தான் செய்தேன். ஆனால் அந்தக் கண்ணீரில் பாதி கற்பூரத்தினுடையது.

மய்யித்து குளிப்பாட்ட வந்த பெரியவர் வெதுவெதுப்பான தண்ணீரைத் தம் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார், கைக்குழந்தைக்குப் பாலின் சூடு பார்ப்பதுபோல. இடுப்பிலிருந்து முழங்கால்வரை துணி மூடியிருக்க, துணிக்கு அடியில் கையை விட்டுக் கழுவினார். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். நான் தோளைக் கொஞ்சம் அவசரமாகப் புரட்டிவிட்டேன் போலிருக்கிறது. "பைய தம்பி, அவருக்கு நோவும்" என்றார்.

நோவும். அந்த ஒரு வினைச்சொல்லை நான் இன்றுவரை விடவில்லை. மவுத்தாகி ஐந்து மணி நேரமான மனிதருக்கு அவர் இறந்தகாலத்தைத் தரவில்லை. அது பேச்சுவாக்கில் வந்த கனிவு என்று அப்போது நினைத்தேன். அப்படியில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பு என்று நபிமொழி உண்டு. பெரியவர் இலக்கணம் பிசகாமல்தான் பேசியிருக்கிறார்.

ரூஹு போய்விட்டது என்றுதானே நாமும் சொல்கிறோம். போன பிறகு உடம்பின்மேல் எதற்கு இத்தனை பதம்? இந்தக் கேள்விக்கு இஸ்லாமிய மரபு தரும் விடையில்தான் நயமே இருக்கிறது. நல்லவரின் உயிர், தோல்பையின் வாயிலிருந்து நீர்த்துளி வழிவதுபோல நழுவி வரும். தீயவரின் உயிர், ஈரக் கம்பளிக்குள் சிக்கிய முள்கம்பியை இழுப்பதுபோலக் கிழித்துக்கொண்டு வரும். வந்த நல்லுயிரை மலக்குகள், வானவர்கள், சொர்க்கத்துத் துணியில் பொதிந்து, வாசனையோடு வானம் வானமாக ஏற்றிச் செல்வார்கள். இத்தோடு முடிந்தால் இது பல சமயங்களில் கேட்ட கதை. ஆனால் அந்த உயிர் திரும்பி வருகிறது. மண்ணறைக்குள், அதே உடம்புக்கு, விசாரணைக்காக. ஆக, கீழே நாங்கள் மாமாவை வெள்ளைத் துணியில் பொதிந்துகொண்டிருந்த நேரத்தில் மேலேயும் ஒரு பொதிதல் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கஃபன், ஒரே ஆள்.

கற்பூரத்துக்கு வருகிறேன். கடைசி நீரில் கொஞ்சம் கரைத்தார்கள். துடைத்து முடித்ததும் மிச்சத்தைப் பஞ்சில் தொட்டு நெற்றியும் மூக்கும், இரண்டு உள்ளங்கை, இரண்டு முழங்கால், இரண்டு பாதம் என்று ஒற்றினார்கள். தொழுகையில் தலைவணங்கும் சுஜூதில் தரையைத் தொடும் ஏழு உறுப்புகள். மாமாவின் நெற்றியில் காய்ப்பேறிய ஒரு கறுப்புத் தடம் இருந்தது. சாகிற வருடம்வரை அதை முகப்பரு என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்தார். பஞ்சு முதலில் போனது அங்கேதான். மனிதன் தலைநிமிர்ந்து நின்ற பெருமைகளுக்கு அல்ல, அவன் தாழ்ந்து மண்ணைத் தொட்ட இடங்களுக்குத்தான் முதல் வாசனை. எந்தக் கவிஞனும் இதைவிடச் சிக்கனமாக ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிட முடியாது.

இனிக் கொஞ்சம் சொல்லாராய்ச்சி, பொறுத்துக்கொள்ளுங்கள். மாமா குடியிருந்த வட்டாரம் கம்போங் கபூர். மலாயில் 'கபூர்' என்றால் சுண்ணாம்பு. அந்தக் காலத்துத் தமிழர் அதைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். அதே மலாயில் 'கபூர் பாருஸ்' என்றால் கற்பூரம். பாருஸ் என்பது சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள துறைமுகம். நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-ஆம் ஆண்டில் தமிழில் கல்வெட்டு நட்டது அந்த ஊருக்குப் பக்கத்தில், லோபு துவாவில். கற்பூரம் விளையும் கரைக்கு அப்போதே போய்விட்டார்கள். அரபியில் கற்பூரம் 'காஃபூர்'. குர்ஆனில் சொர்க்கவாசிகளின் பானத்தில் கலப்பதும் அதுதான். மாமாவுக்கு ஜனாஸா தொழுகை நடந்ததோ டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலில். 'கஃபூர்' என்றால் மன்னிப்பவன். சுண்ணாம்பு, கற்பூரம், மன்னிப்பு. காஃபூரும் கஃபூரும் அரபியில் வேறு வேறு எழுத்துகள். தமிழ்க் காதுக்கு ஏறக்குறைய ஒரே ஒலி. ஒரு மனிதரின் கடைசி நாள் இந்த மூன்று சொற்களுக்குள் நடந்து முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. பள்ளிவாசலில் மலாய்க்கார நண்பர்கள் 'கெராண்டா' என்று சொன்னார்கள். நாம் சந்தூக்கு என்கிறோமே, அந்தப் பெட்டி. வடமொழிக் 'கரண்டம்' வழியாக வந்த சொல். அதே வேரிலிருந்து தமிழுக்கு வந்ததுதான் கரண்டகம், வெற்றிலைச் செல்லத்துக்குள் கிடக்கும் சுண்ணாம்புக் கரண்டகம். மாமாவின் தாயார் நாகூரிலிருந்து கப்பலேறி வந்தபோது இடுப்பில் செருகிக்கொண்டு வந்த பித்தளைக் கரண்டகம் இன்றும் மாமியின் அலமாரியில் இருக்கிறது. அம்மாவின் பெட்டி அது. மகனின் பெட்டி இது.

பள்ளிவாசல் மரக்கட்டடமாக 1859-லேயே இருந்தது, தென்னிந்திய வணிகர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும். இப்போதுள்ள கட்டடம் 1907-இல் தொடங்கியது. வாசலுக்கு மேலே சூரியக் கடிகாரம்போல ஒரு வட்டம், 25 கதிர்கள், கதிருக்கு ஒன்றாக 25 நபிமார்களின் பெயர் அரபி எழுத்தில். சந்தூக்கை அதன்கீழே கொண்டுபோகும்போது அண்ணாந்து பார்த்தேன். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்து ஜனாஸா தொழுகை. நான்கு தக்பீர், நின்றபடியே. குனியும் ருக்கூவும் இல்லை, சுஜூதும் இல்லை. பாங்கும் இகாமத்தும்கூட இல்லை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது மாமாதான் சொன்னார்: "புள்ள பொறந்ததும் காதுல பாங்கு சொல்றோம்ல, அந்தப் பாங்குக்குத்தான் இந்தத் தொழுவ." பாங்குக்கும் தொழுகைக்கும் நடுவே காத்திருக்கும் சில நிமிடங்கள். அவருக்கு அது 72 வருடம் நீண்டது.

சுவா சூ காங்கில் அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. சிங்கப்பூரில் இன்னும் புதிதாக அடக்கம் நடக்கும் பொது மையவாடி அது ஒன்றுதான். குழிக்குள் இறங்கிய மூவரில் நானும் ஒருவன். வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவை, மக்காவின் திசையை, பார்க்க வைத்தோம். பிறகு பெரியவர் மேலிருந்து சொன்னார்: "முடிச்ச அவுத்து விடுங்க."

கஃபனில் தையல் கிடையாது. ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. அதே துணியின் ஓரத்தைக் கிழித்த நாடாவால் தலைமாட்டிலும் இடுப்பிலும் கால்மாட்டிலும் கட்டுவார்கள். வீட்டில் கட்டும்போதே கவனித்தேன், இழுத்தால் அவிழ்கிற சுருக்குமுடிச்சு. அவிழ்ப்பதற்கென்றே போட்ட முடிச்சு. வழியில் துணி விலகாமல் இருப்பதற்குத்தான் கட்டு. வந்து சேர்ந்தபின் அது தேவையில்லை என்று விளக்கம் சொல்வார்கள். சரிதான். ஆனால் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்தபோது, அலுவலகம் விட்டு வந்தவர் சட்டைக் காலரின் பொத்தானைக் கழற்றுவதுபோலவே எனக்குத் தோன்றியது. துணியை விலக்கிக் கன்னத்தை வெறும் மண்ணில் படும்படி வைத்தோம். நெற்றி தொட்டுப் பழகிய மண்ணைக் கன்னம் அன்றுதான் தொட்டது.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்காக 23 பாகை. நாகூரிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 21. நடுவே வங்கக் கடலே கிடந்தாலும், அங்கே அடங்கிய மாமாவின் வாப்பாவும் இங்கே அடங்கிய மாமாவும் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள்.

மண் மூடியதும் தல்கீன், அடங்கியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். இதைக் கூடாது என்பவர்கள் நம்மிலேயே உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு அதில் பிடித்தது விளிதான். அடையாள அட்டையில் மாமா இன்னாருடைய 'பின்', அதாவது வாப்பாவின் பெயரோடு சேர்ந்த மகன். பள்ளிக்கூடம், வேலை, வங்கி எல்லா இடத்திலும் அப்படியே. மண்ணறையின் தலைமாட்டில் உட்கார்ந்த லெப்பை அவரைத் தாயின் பெயர் சொல்லி அழைத்தார். கரண்டகத்தோடு வந்த அந்த அம்மாளின் பெயரைப் பொது இடத்தில் ஒருவர் உரக்கச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அழைத்துவிட்டு, சொல்லிக்கொடுக்கிறார்: இரண்டு பேர் வருவார்கள், பயப்படாதே, உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள், இப்படிச் சொல். பரீட்சை மண்டபத்தின் வாசலில் நின்று பிள்ளைக்குக் கடைசியாக ஒருமுறை ஒப்பித்துக் காட்டுகிற குரல் அது. வரும் அந்த இருவரின் முன்கர், நக்கீர் என்ற பெயர்களில் சிறுவயதில் எனக்கிருந்த பயமெல்லாம் அந்தக் குரலில் பாதியாகக் குறைந்தது.

அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் காலடி ஓசை உள்ளே இருப்பவருக்குக் கேட்கும் என்பதும் நபிமொழி. இவ்வளவு தனிமையான ஒரு விவரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்று மழைச் சேறு. என் செருப்பு ஓசையே எழுப்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியதுபோல வழியெல்லாம் உறுத்தியது.

மண்ணறை முதல் மறுமை எழுச்சிவரை உள்ள இடைக்காலத்துக்கு பர்ஸக் என்று பெயர். தடுப்பு என்பது பொருள். இதே சொல்லைக் குர்ஆன் இன்னோர் இடத்திலும் ஆள்கிறது: இனிப்பு நீரும் உப்பு நீரும் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றில் ஒன்று கலக்காதபடி நடுவே நிற்கும் தடுப்பு. மரீனா பேரேஜ் தெரியுமல்லவா, 2008-இல் திறந்தது, ஒரு பக்கம் நன்னீர்த் தேக்கம், மறுபக்கம் கடல்? அங்கே காற்றாடி விடப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. பேரேஜ், பர்ஸக் என்ற ஒலியொற்றுமை வெறும் தற்செயல். பொருள் ஒற்றுமை அப்படியில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் இருப்பது தண்ணீர்தான்.

இந்த ஊரில் மண்ணறைக்கும் தவணை உண்டு. 1998 நவம்பரிலிருந்து எந்த மதத்தவர் குழியானாலும் 15 வருடம். அதன்பின் தோண்டி, முஸ்லிம்களின் எச்சங்களை வேறு சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்கிறார்கள். இடமில்லாத தீவு, வேறு வழியில்லை. ஏறத்தாழ 68,000 முஸ்லிம் மண்ணறைகள் இருந்த பிடாடாரி மையவாடியை 2001-க்கும் 2006-க்கும் இடையில் தோண்டி எடுத்தார்கள். இப்போது அங்கே வீடமைப்புக் கழகக் குடியிருப்புகள். பிடாடாரி என்பது நம் வித்தியாதரி. மணிமேகலையில் வரும் விஞ்சையரின் இனத்துப் பெண். மலாயில் அந்தச் சொல்லுக்குச் சொர்க்கத்துக் கன்னியான ஹூருலீன் என்று பொருள்.

இது கடுமையாகப் படலாம். ஆனால் கடுமைக்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2007 முதல் சுவா சூ காங்கில் வரிசையாகக் கான்கிரீட் அறைகள் இறக்கி, அதற்குள் அடக்கம் செய்கிறார்கள். நான்கு பக்கமும் கான்கிரீட். அடிப்பக்கம் மட்டும் இல்லை. மய்யித்து மண்ணில் கிடக்க வேண்டும் என்பதற்காக அடியைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். நிலத்தைச் சதுர அடியில் அளக்கிற ஒரு பொறியியல், ஒரு கன்னத்துக்காக வரைபடத்தில் ஒரு கோட்டை விட்டுக்கொடுத்திருக்கிறது. அன்று நான் இறங்கி நின்றது அப்படியோர் அறை. காலடியில் சேறு இருந்தது. அப்போது ஏனென்று யோசிக்கவில்லை.

15 வருடத்தில் என்ன மிஞ்சும்? மனிதனில் எல்லாவற்றையும் மண் தின்றுவிடும், முதுகுத்தண்டின் அடியிலுள்ள ஒரு நுனியெலும்பைத் தவிர. அதிலிருந்துதான் மறுமையில் மறுபடி கோத்தெடுக்கப்படுவான் என்கிறது நபிமொழி. விதைநெல் மாதிரி. விதையை ஒரு வயலிலிருந்து எடுத்து இன்னொரு வயலில் இடுவதால் விளைச்சல் கெடுவதில்லை.

உடம்பே இல்லாமலும் ஓர் இடம் இருக்க முடியும் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் சூலியா மக்கள் கட்டிய நாகூர் தர்கா. ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது கட்டடமும் நினைவும் மட்டும். கப்பலிறங்கிய கால் நேராகப் போய் நின்ற இடம் அது. மாமாவின் தாயாரும் போய் நின்றிருப்பார், இடுப்பில் கரண்டகத்தோடு. மாமா அதைக் கடக்கும்போதெல்லாம் பேருந்தில் இருந்தபடியே ஒரு ஸலாம் சொல்வார். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு ஸலாம் என்று கேட்டால், "கேக்கும்" என்பார். நோவும் என்பதைப் போன்ற அதே வினைமுற்று.

மாமா அடங்கியது 2016-இல். அவருடைய இடத்துக்கு 2031 வரை தவணை இருக்கிறது. அன்றைக்குக் கற்பூரம் நுணுக்க இந்தத் தடவை ஒரு சின்ன அம்மியும் குழவியும் வாங்கி வைத்திருக்கிறேன்.