‘ஹெச்’ என்ற எழுத்தும் சர்க்கரை நோட்டும்

பிரஷர் மாத்திரை அட்டையில், மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்று ஓர் எழுத்து இருந்தால், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் அதில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். என் அத்தை இருபது வருடமாகச் சர்க்கரை நோயாளி. வெறும் வயிற்றுச் சர்க்கரையைத் தேதி போட்டுக் கோடு போட்ட நோட்டில் எழுதி வருபவர். ‘ஹெச்’ மாத்திரைக்கு மாறிய மூன்றாவது மாதம், 130-ஐ ஒட்டி இருந்த எண் 140-ஐத் தொட்டது. “அந்த மாத்திரை சர்க்கரையை ஏத்துமாம், நிறுத்திட்டேன்பா” என்றார். அடுத்து அளந்தபோது மேல் பிரஷர் 172.

அத்தையிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிக்கு நீர் மாத்திரையும் பீட்டா பிளாக்கரும் ஆகாது என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் நெடுங்காலமாக உண்டு. அந்த எண்ணத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நியாயம் முதலில். தயசைடு வகை நீர் மாத்திரைகள் சிறுநீரில் உப்போடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் கணையம் இன்சுலின் சுரப்பதில் மந்தப்படும். சர்க்கரை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் நடந்து 2002-இல் முடிவு வெளியான ‘ஆல்ஹாட்’ ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். அதுவரை சர்க்கரை இல்லாதவர்களில், நான்கு ஆண்டுகளில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையில் 11.6 சதவீதம், மற்ற பிரஷர் மருந்துகளான ஆம்லோடிபினில் 9.8, லிசினோபிரிலில் 8.1.

அதே ஆய்வின் மறுபக்கத்தை ஏனோ யாரும் அத்தைக்குச் சொல்லவில்லை. நான்கு ஆண்டு முடிவில் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரி, மூன்று மருந்துகளுக்கும் முறையே 126, 124, 122 என்ற அளவில்தான் இருந்தது. மாரடைப்பும் அதனால் வந்த மரணமும் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இதயம் செயலிழப்பதோ ஆம்லோடிபின் எடுத்தவர்களைவிட நீர் மாத்திரை எடுத்தவர்களிடம் குறைவு. முதியவர்களிடம் நடந்த ‘ஷெப்’ ஆய்வு இன்னும் தெளிவானது. முன்பே சர்க்கரை இருந்து குளோர்தாலிடோன் எடுத்தவர்களை 14 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், இதய, ரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த மரணம், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட ஏறக்குறைய 31 சதவீதம் குறைந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. 2010-இல் வெளிவந்த ‘நேவிகேட்டர்’ ஆய்வில் வால்சார்டன் என்ற பிரஷர் மருந்து புதிதாகச் சர்க்கரை வருவதை 14 சதவீதம் குறைத்தது. இதய நோய்களையோ குறைக்கவில்லை. மருந்தால் சர்க்கரை எண் சற்று ஏறுவதும் இறங்குவதும் ஒரு கணக்கு, பக்கவாதமும் மாரடைப்பும் வேறு கணக்கு. சர்க்கரையை மட்டும் பார்த்துப் பிரஷர் மருந்தைத் தேர்வு செய்யும் வழக்கத்தின் பெரிய குறை, முதல் கணக்கை மட்டும் போடுவது.

பீட்டா பிளாக்கர் விஷயத்தில் பயத்துக்கு இடம் அதிகம் என்பேன். பிரிட்டனின் ‘யூகேபிடிஎஸ்’ ஆய்வில், ஒன்பது ஆண்டுகளில் அட்டெனலால் என்ற பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களின் எடை சராசரியாக 3.4 கிலோ கூடியது. கேப்டோபிரில் எடுத்தவர்களுக்கு 1.6 கிலோ. கூடுதல் சர்க்கரை மாத்திரையும் அட்டெனலால்காரர்களுக்கே அதிகம் தேவைப்பட்டது. இதைவிட ஆபத்தானது தாழ்சர்க்கரை. சர்க்கரை சட்டென்று இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இந்த மருந்து அமுக்கிவிடும், வியர்வையை அமுக்காது. இன்சுலின் போடுபவர் வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்: காரணமில்லாமல் நெற்றி நனைந்தால் உடனே விரலைக் குத்திப் பாருங்கள். ஆனால் அதே ஆய்வில், சர்க்கரையின் சிக்கல்களைத் தடுப்பதில் அட்டெனலால் கேப்டோபிரிலுக்குச் சளைக்கவில்லை. மாரடைப்பு வந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் பீட்டா பிளாக்கர் தேவைப்படும்போது, சர்க்கரையைச் சொல்லி மறுப்பது தவறு. சராசரிச் சர்க்கரையை அதிகம் அசைக்காத கார்வெடிலால் போன்றவை இருக்கின்றன.

சிறுநீரில் புரதம் போகிறவருக்கு டெல்மிசார்டன், ராமிபிரில் வகை மருந்துகள் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவை போதாதபோது 12.5 மில்லிகிராம் அளவிலான நீர் மாத்திரையைக் கண்டு மிரள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பழைய பயம் 50, 100 மில்லிகிராம் கொடுத்த காலத்தில் விளைந்தது. 2015-இல் வந்த ‘பாத்வே-3’ ஆய்வில், பொட்டாசியத்தைக் காக்கும் அமிலோரைடை நீர் மாத்திரையோடு பாதிக்குப் பாதி சேர்த்துக் கொடுத்தபோது சர்க்கரை ஏறவில்லை, பிரஷரும் நன்றாக இறங்கியது. ஆகவே நீர் மாத்திரை எழுதுகிறவர் சில வாரங்களில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பார்க்க வேண்டும். வழக்கத்தின் உண்மையான ஓட்டை அங்கேதான் இருக்கிறது. மாத்திரை மாதாமாதம் வாங்கப்படுகிறது, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதப்படுவதில்லை.

அத்தைக்கு மூன்று மாதமாக யாரும் அதை எழுதவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்கி மூன்று வாரம் கழித்துப் பார்க்கச் சொன்னார். பொட்டாசியம் 3.3, இருக்க வேண்டியது குறைந்தது 3.5. நீர் மாத்திரையை நிறுத்தாமல் பொட்டாசியம் காக்கும் மருந்தைச் சேர்த்தார். சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு, இடையிடையே பரிசோதனை உண்டு, இஷ்டத்துக்கு இளநீர் குடிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அத்தை அன்று மாலையே நோட்டை எடுத்து, சர்க்கரை எழுதும் பத்திக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்னும் இரண்டு கோடுகள் கிழித்தார். ஒன்றின் தலையில் ‘பிரஷர்’, மற்றதில் ‘பொட்டா.’