சுட்டுகள்: ஒரு நல்ல நூலில் ஒரு குறை

சி மொழி பயிலும் மாணவர் பலருக்கும் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' என்னும் நூலே முதல் ஆசான். 1978இல் வெளிவந்த இந்நூல் 1988இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. ஐந்தாம் அத்தியாயம் சுட்டுகளைப் பற்றியது. நினைவக முகவரியை ஏந்தி நிற்கும் மாறியே சுட்டு என்பதை இத்தனை சுருக்கமாக விளக்கிய வேறு நூலை நான் கண்டதில்லை. ஆயினும் இரண்டு சுட்டுகள் ஒரே இடத்தைக் காட்டினால் கணக்கின் வேகம் என்னாகும் என்ற கேள்வியை அது எழுப்பவில்லை.

மீனாட்சி கோயிலுக்குள் ஒருவர் தெற்குக் கோபுர வழியாகவும் மற்றவர் கிழக்குக் கோபுர வழியாகவும் நுழைகின்றனர். வழி இரண்டானாலும் இருவரும் சேரக்கூடிய பொற்றாமரைக் குளம் ஒன்றே. சுட்டுகளும் அவ்வாறே.

2, 3, 5 என்ற வரிசையை ஒரு சுட்டும், பெருக்கும் எண்ணை இன்னொரு சுட்டும் காட்டுவதாகக் கொள்வோம். பெருக்கும் எண் தனியிடத்தில் 2 ஆக இருந்தால் விடை 4, 6, 10. அச்சுட்டு வரிசையின் முதல் எண்ணையே காட்டினாலோ, முதற் பெருக்கலிலேயே அது 4 ஆகிவிடும். விடை 4, 12, 20! ஆகவே பெருக்கும் எண்ணை ஒருமுறை மட்டும் படித்துச் செயலியின் பதிவகத்தில் வைத்துக்கொள்ளக் கம்பைலர் துணிவதில்லை. சுற்றுக்குச் சுற்று நினைவகத்திற்கு ஓடுகின்றது. ஃபோர்ட்ரானில் இத்தொல்லை இல்லை. துணைநிரலுக்குள் மாற்றப்படும் இடத்தை இரு பெயரில் அனுப்புவது அங்கே விதிமீறல்.

1989ஆம் ஆண்டு சி தரவிதி, வெவ்வேறு வகைச் சுட்டுகள் பொதுவாக ஒரே இடத்தைக் காட்டா என்று கம்பைலர் கொள்ள இடந்தந்தது. நமது கணக்கில் இரண்டுமே பின்ன எண் வகையாதலால் அது உதவாது. இயந்திரமே கண்டுபிடிக்கட்டும் என்றும் விட முடியாது. எல்லா நிரல்களுக்கும் இதைப் பிழையின்றித் தீர்மானிக்கும் வழிமுறை இருக்கவியலாது என ஜி. ராமலிங்கம் 1994இல் நிறுவினார்.

ரிச்சி இதை அறியாதவர் அல்லர். 'நோஅலையஸ்' என்ற சொல்லைத் தரவிதியில் சேர்க்க முயன்றபோது, அதே 1988இல் கடுமையாக எதிர்த்து அதை விலக்கச் செய்தவரே அவர்தாம்! அந்த விவாதத்திற்கு அத்தியாயத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். 1999இல் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல் வந்தது. இச்சுட்டு காட்டும் இடத்தை வேறு வழியில் தொடேன் என நிரலர் தரும் வாக்குறுதி அது. வாக்குத் தவறினால் எச்சரிக்கையின்றித் தவறான விடை வரலாம். ரிச்சி 2011இல் மறைந்தார். மூன்றாம் பதிப்பு வரவில்லை.

பின்னிணைப்பில் மட்டும் ஒரு குறிப்பு உண்டு: இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தாலும் 'மெம்மூவ்' சரியாக நகலெடுக்கும், 'மெம்காப்பி'க்கு அந்த உறுதி இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தை முடித்த மாணவர் உடனே அங்கே புரட்டிப் பார்க்க வேண்டும்.