கொழுப்பு என்ற ஒரே டப்பா

போன பொங்கலுக்கு கெங்கவல்லி போயிருந்தபோது அப்பா முட்டையை நிறுத்திவிட்டிருந்தார். நிலக்கடலையும் இல்லை. "ரத்தத்துல கொழுப்பு இருக்குதாம்ப்பா, டெஸ்ட் எடுத்த எடத்துல சொன்னாங்க" என்றார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். கொலஸ்ட்ரால் வரிகள் எல்லாம் அளவுக்குள்தான். டிரைகிளிசரைடு மட்டும் 260. 150-க்குக் கீழே இருக்க வேண்டியது. ஆனால் சர்க்கரை போட்ட டீ நாளைக்கு நாலு தடவை, சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி தட்டு நிறையச் சோறு. எதுவும் குறையவில்லை. "அதுல ஏதுடா கொழுப்பு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிழை, அவருக்குச் சொல்லப்பட்ட வார்த்தையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கண்ணில் படும் தமிழ் உடல்நலக் கட்டுரைகளை எல்லாம் இதற்காகவே படித்துப் பார்க்கிறேன். முதல் வரியில் 'கொழுப்பு' என்றால் சமையல் எண்ணெய். இரண்டாம் வரியில் கொலஸ்ட்ரால். மூன்றாம் வரியில் தொப்பை. ஒரே வேரியபிளில் மூன்று டேட்டா டைப்பைப் போட்டு வைத்தால் புரோகிராம் என்ன ஆகுமோ, அதுதான் வாசகர் தலையிலும் ஆகிறது.

பிரித்துப் பார்ப்போம். லிப்பிட் என்பது ஒரு குடும்பப் பெயர். தண்ணீரில் கரையாது, ஈதர், குளோரோஃபார்ம் மாதிரி கரைப்பான்களில் கரையும். இந்தக் குணம்தான் இவர்களைச் சேர்க்கிறது. அமைப்பில் ஒருவருக்கொருவர் ஒற்றுமை குறைவு.

டிரைகிளிசரைடு: ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள். கடலை எண்ணெயும் நம் தொப்பையும் பெரும்பாலும் இதுதான். சேமிப்புக் கிடங்கு, ஒரு கிராமில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான்.

பாஸ்போலிப்பிட்: மூன்றில் ஒரு அமிலத்தின் இடத்தில் பாஸ்பேட் தலை. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் இரண்டு அடுக்காக நின்று செல்லின் சவ்வு ஆகிறது.

கொலஸ்ட்ரால்: நான்கு வளையங்கள் கொண்ட வேறு ஜாதி. எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. செல் சவ்வு, பித்த அமிலம், வைட்டமின் டி, பாலியல் ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வரலாம். மிஞ்சும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. கிழங்கில் கொழுப்பு இல்லை, சரிதான். ஆனால் கிழங்கு கொழுப்பாகும். நாமக்கல் முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, உண்மை. ஆனால் அவருக்கு ஏறியிருந்தது அது இல்லையே.

இந்தக் குழப்பத்தில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போடுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லும்படி கிடையாது. வனஸ்பதிக்கும் அதே வாசகம் பொருந்தும். அதன் உண்மையான ஆபத்தான டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியாவில் கட்டுப்படுத்தியது 2022 ஜனவரியில்தான்.

தமிழ்மீது மட்டும் பழி போடக் கூடாது. 'லிப்பிட்' கூடக் கொழுப்பு என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் 1923-இல் கேப்ரியல் பெர்ட்ராண்ட் குடும்பத்துக்கென்று அந்தப் பெயரைத் தனியாக வைத்தார். நம்மிடமும் ஒரு காலத்தில் அந்த மாதிரி பொதுப்பெயர் இருந்தது: நெய். எள்+நெய் எண்ணெய், வெண்மை+நெய் வெண்ணெய். இன்று நெய் என்றால் பசு நெய் மட்டும் என்று சுருங்கிவிட்டது. 'கொழுமியம்' என்ற கலைச்சொல்லும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் லிப்பிட் என்றே எழுதுங்கள். எனக்கு இரண்டும் சம்மதம். டிரைகிளிசரைடையும் கொலஸ்ட்ராலையும் ஒரே பெயரில் எழுதுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரையையும் சோற்றையும் குறைக்கச் சொன்னார், முட்டைக்குத் தடையில்லை என்றார். மூன்று மாதம் கழித்து 175. அப்பா இப்போது முட்டை சாப்பிடுகிறார். டீக்குச் சர்க்கரை போடாததில்தான் என்மேல் இன்னும் வருத்தம்.